“இவன் ஏன் பொண்டாட்டிகிட்ட சொல்லலை?”: ‘ஆர்.வி.’ படம் பார்த்த ஞாயிற்றுக்கிழமை

தண்டையார்பேட்டை வாசி:

நேற்று மதியம் வஞ்சிரக் குழம்பு சாப்பிட்டுவிட்டு அம்மா, மனைவி, பிள்ளைகள், பக்கத்துத் தெருவிலிருந்து வந்த அக்கா குடும்பம் என்று ஒன்பது பேர் ஒரே அறையில் உட்கார்ந்து படம் பார்த்தோம். 2006-ல் வந்த ‘ஆர்.வி.’. தேர்ந்தெடுத்தது நான்தான். ராபின் வில்லியம்ஸ் நடித்த படம், குடும்பத்தோடு பார்க்கலாம், வண்டியில் ஊர் சுற்றும் கதை. வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பாப் மன்ரோ ஒரு குளிர்பானக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். மனைவி, பதின்வயது மகள், அவளுக்கு ஒரு தம்பி. எல்லாரும் ஹவாய் தீவுக்குப் போக நாள் குறித்திருக்கிறார்கள். கடைசி நேரத்தில் முதலாளி கொலராடோவில் நடக்கும் ஒரு கூட்டத்துக்குப் போகச் சொல்கிறார். மறுத்தால் வேலை போய்விடும். பாப் இதை வீட்டில் சொல்லாமல், ஹவாய் வேண்டாம், வண்டிவீடு எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் போவோம் என்கிறார். அடுப்பு, படுக்கை, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும் பஸ் அளவு வண்டி அது. அதைத்தான் அமெரிக்காவில் ஆர்.வி. என்கிறார்கள்.

ஆரம்பம் நன்றாகவே இருந்தது. சின்ன வயதில் அந்த மகள் அப்பாவை விட்டு எங்கும் போகமாட்டேன் என்று சொல்லிக்கொண்டு படுத்திருக்கிறாள். அடுத்து வரும் காட்சியில் அவள் வளர்ந்துவிட்டாள், அப்பா பேசினாலே முகம் சுளிக்கிறாள். என் பெண்ணுக்குப் பதினான்கு வயது. அந்த இடத்தில் நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன், அவளும் என்னைப் பார்த்தாள். சரி, இது நம் படம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அதற்கப்புறம் ஒன்றரை மணி நேரம் அந்த வண்டி எதையாவது இடிக்கிறது, ஹேண்ட் பிரேக் நிற்காமல் உருளுகிறது, அடுப்புக்குள் காட்டுப் பிராணிகள் புகுந்துகொள்கின்றன, கழிவுத் தொட்டி பொங்குகிறது. பிள்ளைகள் சிரித்தார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் என்ன ஆனது என்பதைப் படம் மறந்தேபோனது. நடுநடுவே இரண்டு வரி, ஒரு பாட்டு, அவ்வளவுதான் சமாதானம்.

என் பெண் கீழே ஓடும் எழுத்துகளைப் படித்து அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். பாப் ராத்திரியில் கக்கூஸுக்குள் ஒளிந்துகொண்டு மடிக்கணினியில் ஆபீஸ் வேலை பார்க்கும் காட்சி வந்தது. அம்மா அப்போது கேட்டார்: “இவன் ஏன் பொண்டாட்டிகிட்ட சொல்லலை?” யாரும் பதில் சொல்லவில்லை. படத்திலும் பதில் இல்லை. அப்போதிலிருந்து அந்தக் கேள்விதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே படம் பார்க்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு என்ன தோன்றியது?

பேசின் பிரிட்ஜ்:

அண்ணா, நீங்கள் கொஞ்சம் கறாராகப் பார்க்கிறீர்கள். வாரம் முழுக்கக் கன்டெய்னர் யார்டில் கணக்கு எழுதிவிட்டு வருகிறவன் நான். சனிக்கிழமை ராத்திரி சிரிக்க ஒரு படம் கிடைத்தால் போதும். ராபின் வில்லியம்ஸ் அந்த வண்டியோடு மல்லுக்கட்டும்போது என் பையன் தரையில் உருண்டு சிரித்தான். அவனுக்கு ஏழு வயது. அவனைப் பொறுத்தவரை அது நல்ல படம்தான்.

இன்னொன்று. வேலை போய்விடும் என்ற பயத்தில் ஒருவன் வீட்டில் பொய் சொல்கிறான். இதில் புரியாதது என்ன? நான் சொல்லியிருக்கிறேன். இங்கே இருக்கிற பாதிப் பேர் சொல்லியிருப்பார்கள்.

தண்டையார்பேட்டை வாசி:

தம்பி, பொய் சொன்னதில் எனக்கும் வருத்தமில்லை. அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு படம் என்ன செய்தது என்பதுதான் கேள்வி. பயம் என்கிறீர்கள். அந்தப் பயத்தை ஒரு காட்சியிலாவது காட்டினார்களா? மனைவி தூங்கும்போது அவர் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு நிமிடம்? எல்லாமே ஓடி ஒளியும் வேடிக்கையாகவே போய்விடுகிறது. வயிற்றுவலி என்று நடித்துவிட்டுக் கூட்டத்துக்கு ஓடுகிறார், பிறகு மலைப்பாதையில் அந்த வண்டியைக் கவிழ்க்காத குறையாக ஓட்டிக்கொண்டு திரும்பி வருகிறார். அந்த ஓட்டத்துக்கு ஒதுக்கிய நேரத்தில் பத்தில் ஒரு பங்கு போதும், அவர் மனதுக்குள் போய்வந்திருக்கலாம்.

ராயபுரத்துப் பேத்தி:

கழிவுத் தொட்டி காட்சியைப் பற்றி மட்டும் எழுத வந்தேன்.

பாப் குழாயை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் நிற்கிறார். சுற்றி ஒரு கூட்டம் நாற்காலி போட்டு வேடிக்கை பார்க்கிறது. தொட்டி பீறிட்டு அவர் மேலேயே கொட்டுகிறது. படத்தின் பெரிய சிரிப்பு இதுதான் என்று இயக்குநர் நம்பியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தாத்தா சாக்கடைக் குழிக்குள் இறங்கி வேலை பார்த்தவர். வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வருவார். பாட்டி குடத்தோடு நிற்பார். அந்த வாசல்தான் அன்று ஞாபகம் வந்தது.

மனிதர் கையால் மலம் அள்ளுவதையும் பாதுகாப்பில்லாமல் குழிக்குள் இறக்குவதையும் தடுக்க 2013-ல் சட்டம் வந்தது. அப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது, 2023-ல் அதை முப்பது லட்சமாக்கியது. தொகையை ஏற்ற வேண்டிய நிலை இருந்தது என்றால் சாவு நின்றபாடில்லை என்றுதானே அர்த்தம்.

அமெரிக்கப் படத்தை நம் ஊர்ச் சாக்கடையோடு சேர்த்துப் பார்ப்பது நியாயமா என்று கேட்பீர்கள். நியாயமாகவே சொல்கிறேன். அந்தக் காட்சியில் எனக்குப் பிடித்த ஒன்று இருந்தது. தன் வீட்டுக் கழிவைத் தானே அப்புறப்படுத்த வேண்டிய கட்டாயம் ஓர் ஆபீஸ் மனிதருக்கு வருகிறது. வீட்டில் அந்த வேலையைக் குழாயும் சாக்கடையும் யாரோ சிலரும் செய்துகொண்டிருந்தார்கள், பயணத்தில் அது அவர் கைக்கே வந்துவிட்டது. அதிலிருந்து எவ்வளவு எடுத்திருக்கலாம்! அன்று ராத்திரி அவர் பிள்ளைகளிடம் என்ன பேசுவார்? ஒன்றுமே இல்லை. குளித்தார், அடுத்த காட்சி வந்துவிட்டது.

பேசின் பிரிட்ஜ்:

அக்கா, இப்படி நான் யோசித்ததே இல்லை. அந்தக் காட்சிக்கு நான் சிரித்தேன். உங்கள் தாத்தாவைப் பற்றிப் படித்த பிறகு இனி எப்படிப் பார்ப்பேன் என்று தெரியவில்லை.

வேன்காரர்:

இருபத்தைந்து வருஷமாக வேன் ஓட்டுகிறேன். முதலில் மெட்டடார், பிறகு மஹேந்திரா, இப்போது டெம்போ டிராவலர். வியாசர்பாடியில் இருந்து பெரியபாளையம், திருப்பதி, வேளாங்கண்ணி, நாகூர் என்று போகாத ஊர் இல்லை. என் மகள் இந்த இழையைப் படித்துக் காட்டியதால் நேற்று ராத்திரி நானும் அந்தப் படத்தைப் பார்த்தேன்.

முதலில் தொழில்காரனாக ஒன்று. சரிவில் நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பமாட்டோம். கியரில் போட்டுச் சக்கரத்தைத் திருப்பி வைத்து, பின் டயருக்குக் கட்டை வைப்போம். கட்டை எடுத்து வருவது கிளீனர் பையன் வேலை. கட்டை இல்லாவிட்டால் நல்ல கல்லாகப் பார்த்து வைப்போம். அந்த வண்டி ஒரு தடவை உருண்டால் சரி, புது ஆள் என்று விடலாம். இரண்டாவது தடவையும் உருண்டால் அந்தக் குடும்பத்தில் யாரும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்று அர்த்தம். பயணம் கிளம்பி இரண்டாவது நாளே மனிதர்கள் மாறிவிடுவார்கள். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வண்டியில் ஏறும்போது ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொண்ட பையன் மறுநாள் கல் பொறுக்க முதல் ஆளாக இறங்குவான்.

அப்புறம், ஆடி மாதம் பெரியபாளையம் போவதைச் சொல்கிறேன். ஞாயிறு விடியற்காலை மூன்றரைக்குக் கிளம்புவோம். வண்டிக்குள் பானை, விறகு, வேப்பிலை, காலைக் கட்டிய கோழி, பேத்திக்கு மொட்டையடிக்க வந்திருக்கும் தாய்மாமன், அவரோடு பேசாத சித்தப்பா எல்லாம் ஏறும். தூரம் பெரிதில்லை, நாற்பது கிலோமீட்டர் சொச்சம். ஆனால் செங்குன்றம் தாண்டி ஜனப்பன்சத்திரம் கூட்டு ரோட்டில் திரும்புவதற்குள் ஒரு சண்டை வந்துவிடும். கண்ணாடியில் எனக்கு எல்லாம் தெரியும். யார் யாருக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டவில்லை, எந்த மருமகள் தூங்குவது போல் கண்ணை மூடியிருக்கிறாள், பணம் கொடுத்தவர் யார், கொடுத்த மாதிரி பேசுகிறவர் யார். இதெல்லாம் வண்டி நின்றுபோனதால் நடப்பதில்லை. பதினாறு பேரை ஓர் இரும்புப் பெட்டிக்குள் அடைத்ததால் நடப்பது.

அந்தப் படத்தில் வண்டிக்கு ஆபத்து வந்துகொண்டே இருக்கிறது. உட்கார்ந்திருக்கிற நாலு பேருக்கு நடுவில் ஒன்றும் நடக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தால் எனக்கு அவர்கள் நாலு பேரும் காலி சீட்டாகத்தான் தெரிந்தார்கள்.

திருவொற்றியூர் தேரடி:

வேன்காரர் அண்ணன் எழுதியதை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். “பணம் கொடுத்தவர் யார், கொடுத்த மாதிரி பேசுகிறவர் யார்” என்ற இடத்தில் என் மாமியார் எழுந்து போய்விட்டார்.

லோகோ ஒர்க்ஸ்:

வண்டி ரிப்பேரைப் பற்றிப் பேச்சு வந்ததால் நானும் வருகிறேன். பெரம்பூரில் டீசல் இன்ஜின்களோடு முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன்.

இதே 2006-ல் இன்னொரு குடும்பப் பயணப் படம் வந்தது, ‘லிட்டில் மிஸ் சன்ஷைன்’. ‘ஆர்.வி.’க்கு ஏறக்குறைய ஐந்து கோடி டாலர் செலவு. இதற்கு எண்பது லட்சம் டாலர். ஒரு பழைய மஞ்சள் வோக்ஸ்வேகன் வேனில் ஆறு பேர் அல்புகர்க்கியில் இருந்து கலிஃபோர்னியாவில் ஒரு குழந்தைகள் அழகுப் போட்டிக்குப் போகிறார்கள். வழியில் கிளட்ச் போய்விடுகிறது. மாற்று சாமான் கிடைக்காது. மெக்கானிக் என்ன சொல்கிறார்? மூன்றாவது கியருக்குப் போய்விட்டால் கிளட்ச் தேவையில்லை, தள்ளிவிட்டு வேகம் எடுத்ததும் ஏறிக்கொள்ளுங்கள் என்கிறார்.

தொழில்நுட்பமாக அது சரியான பேச்சு. சக்கரம் உருண்டுகொண்டிருந்தால் கியரை விழவைத்து இன்ஜினை உயிர்ப்பிக்கலாம். நம் ஆட்கள் செல்ஃப் எடுக்காத வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணுவதும் இந்த வழியில்தான். ஆனால் திரைக்கதைக்கு அது என்ன கொடுத்தது பாருங்கள். ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் அந்தக் குடும்பம் இறங்கித் தள்ள வேண்டும். பேசாமல் இருக்க விரதம் எடுத்த பையன் தள்ள வேண்டும், தற்கொலைக்கு முயன்று பிழைத்த மாமா தள்ள வேண்டும், வெற்றியைப் பற்றி ஓயாமல் வகுப்பெடுக்கும் அப்பா தள்ள வேண்டும். ஓடிவந்து ஒருவர் கையை ஒருவர் பிடித்து ஏற்றிக்கொள்ள வேண்டும். முதல் தடவை திட்டிக்கொண்டே செய்கிறார்கள். கடைசியில் யாரும் சொல்லாமலே செய்கிறார்கள். பழுது ஒன்றுதான், அதுவே அவர்களை மாற்றிக்கொண்டு வருகிறது.

‘ஆர்.வி.’யில் பழுது பத்து வருகிறது. ஒவ்வொன்றையும் ஒரே சிரிப்போடு முடித்துவிட்டுத் தூக்கி எறிகிறார்கள். நாலு பேரும் சேர்ந்தால்தான் சரியாகும் என்ற பழுது ஒன்றுகூட இல்லை.

அந்தச் சின்னப் படத்துக்குத் திரைக்கதைக்கும், தாத்தாவாக நடித்த ஆலன் ஆர்கினுக்குத் துணை நடிகராகவும் ஆஸ்கர் கிடைத்தது. ‘ஆர்.வி.’க்கு அதே ஆண்டுக் கணக்கில், மோசமான படங்களுக்குக் கொடுக்கும் கோல்டன் ராஸ்பெரி கிடைத்தது. அதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. ராபின் வில்லியம்ஸ் போன்ற ஒரு கலைஞர் அந்தப் பட்டியலில் நின்றது எனக்கு இன்றும் வருத்தம்.

தண்டையார்பேட்டை வாசி:

லோகோ ஐயா, “நாலு பேரும் சேர்ந்தால்தான் சரியாகும் என்ற பழுது ஒன்றுகூட இல்லை.” நான் மூன்று நாளாகச் சொல்லத் தேடிக்கொண்டிருந்தது இதுதான்.

பேசின் பிரிட்ஜ்:

ஐயா, அந்த மஞ்சள் வேன் படத்தை நானும் பார்த்தேன். அருமைதான். ஆனால் அதை என் ஏழு வயதுப் பையனோடு உட்கார்ந்து பார்க்க முடியாது. போதைப் பழக்கமுள்ள தாத்தா, சாவு, தற்கொலைப் பேச்சு. பெரியவர்கள் கொண்டாடும் குடும்பப் படங்களில் பாதி, குடும்பத்தோடு பார்க்க முடியாத படங்கள். பாட்டியும் பேரனும் ஒரே பாயில் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி எடுப்பது தனிக் கஷ்டம். ‘ஆர்.வி.’ அதையாவது முயன்றது. தோற்றிருக்கலாம், முயன்றதற்கு ஒரு மரியாதை கொடுங்கள்.

மின்ட் பழைய ஆள்:

பேசின் பிரிட்ஜ் தம்பி சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்கு நம் ஊரிலேயே பதில் இருக்கிறது.

1966-ல் ‘மெட்ராஸ் டு பாண்டிச்சேரி’ வந்தது. திருமலை–மகாலிங்கம் இயக்கம். வீட்டை விட்டுக் கிளம்பிய பெண் ஒருத்தி, அவளைத் துரத்தும் ஆட்கள், ஒரு பஸ், பஸ் முழுக்கப் பயணிகள். ரவிச்சந்திரன், கல்பனா, நாகேஷ். பாட்டியும் பேரனும் ஒன்றாகப் பார்த்த படம். 1972-ல் இதையே இந்தியில் ‘பாம்பே டு கோவா’ என்று எடுத்தார்கள், அமிதாப் பச்சன் நடித்தார்.

அந்தத் தமிழ்ப் படத்தில் ஒரு பையன் வழியெல்லாம் பக்கோடா பக்கோடா என்று கேட்டுக்கொண்டே வருவான். அந்த ஒரு பாத்திரத்தால் அதில் நடித்தவருக்கு ஆயுள் முழுக்கப் பக்கோடா காதர் என்றே பெயர் நின்றுவிட்டது. ஏன் நின்றது? அந்தப் பையனை நாம் எல்லாரும் பஸ்ஸில் பார்த்திருக்கிறோம். பஸ் நிற்கும் இடத்தில் எல்லாம் ஏதாவது வாங்கித் தரச் சொல்லி இழுக்கும் பிள்ளை, காசை முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் தாய். கேட்கிறவனுக்கும் வாங்கித் தருகிறவருக்கும் நடுவில் உள்ள உறவு அந்தச் சிரிப்புக்குள்ளேயே இருக்கிறது. காட்டிலிருந்து பிராணி ஒன்றும் வரவேண்டியதில்லை.

நாங்கள் வண்ணாரப்பேட்டை மகாராணியிலும் தண்டையார்பேட்டை அகஸ்தியாவிலும் குடும்பமாகப் படம் பார்த்து வளர்ந்தவர்கள். அகஸ்தியாவை 2020-ல் மூடிவிட்டார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இன்னும் தலை தானாகத் திரும்புகிறது. அங்கே ஒரு வரிசை முழுக்க எங்கள் வீட்டு ஆட்கள்தான் உட்காருவோம். ஒரே இடத்தில் அம்மா ஒரு காரணத்துக்குச் சிரிப்பார், நான் வேறு காரணத்துக்குச் சிரிப்பேன். குடும்பப் படம் என்றால் எனக்கு அதுதான். ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒரு காட்சி, அப்புறம் பெரியவர்களுக்குக் கடைசியில் இரண்டு நிமிட அழுகை என்று பிரித்துப் போட்டால் அது சோற்றையும் குழம்பையும் வேறு வேறு நாளில் பரிமாறுவது போல.

ராயபுரத்துப் பேத்தி:

எனக்கு இன்னொரு வருத்தம், ‘ஆர்.வி.’யில் வழியில் எதிர்ப்படும் இன்னொரு குடும்பத்தைப் பற்றி. பஸ்ஸிலேயே வாழும் கோர்னிக்கி குடும்பம். ஜெஃப் டேனியல்ஸும் கிறிஸ்டின் செனோவெத்தும் நடித்தார்கள். பிள்ளைகளுக்குத் தாங்களே பாடம் சொல்லித்தருகிறார்கள், வழியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு உதவுகிறார்கள், வாய் ஓயாமல் பேசுகிறார்கள், பாடுகிறார்கள். மன்ரோ குடும்பம் அவர்களைப் பார்த்தாலே ஓடி ஒளிகிறது. நாமும் அவர்களைப் பட்டிக்காடு என்று சிரிக்க வேண்டும் என்பதுபோல ஒரு மணி நேரம் எடுத்திருக்கிறார்கள். கடைசியில், அவர்கள்தான் நல்லவர்கள் என்று ஒப்புக்கொள்கிறார்கள்.

வடசென்னைக்காரர்களுக்கு இது பழகிய வலி. நம்மை வைத்துப் படம் எடுக்கும்போது கத்தி, கஞ்சா, கெட்டவார்த்தை. நடுவில் ஒரு காட்சியில் மட்டும் “ஆனா பாசக்காரங்க” என்று ஒரு வசனம். ஒரு மணி நேரம் பார்த்துச் சிரித்தவர்களை அந்த ஒரு வசனம் மாற்றிவிடாது. கோர்னிக்கி அம்மாவை நான் ஆரம்பத்திலிருந்தே நேசித்தேன். எங்கள் தெருவில் அப்படி நாலு பேர் இருக்கிறார்கள். கேட்காமலே வீட்டுக்குள் வந்து அடுப்பைப் பார்த்துவிட்டு, “உப்பு போட்டியாடி?” என்பார்கள்.

மின்ட் பழைய ஆள்:

இதை யாராவது சொல்வார்களா என்று காத்திருந்தேன் அம்மா. கோர்னிக்கி வீட்டார் கண்ணால் இந்தக் கதையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்! நாலு பேர் பெரிய வண்டியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள், ஒருவரோடு ஒருவர் பேசத் தெரியவில்லை, உதவி செய்யப் போனால் ஓடுகிறார்கள். அந்தப் படத்துக்கு நான் முதல் நாள் டிக்கெட் எடுப்பேன்.

லோகோ ஒர்க்ஸ்:

முடிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1983-ல் ‘நேஷனல் லாம்பூன்ஸ் வெகேஷன்’ என்ற படம் வந்தது. ஹாரல்ட் ராமிஸ் இயக்கம், ஜான் ஹியூஸ் எழுத்து. சிகாகோவிலிருந்து கலிஃபோர்னியாவில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குக் காரில் போகும் குடும்பம். போய்ச் சேர்ந்தால் பூங்கா மூடியிருக்கிறது. முதலில் எடுத்த கடைசிக் காட்சி, படம் வெளியாவதற்கு முன் போட்டுக் காட்டியபோது பார்த்த ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. இத்தனை தூரம் பட்டபாட்டுக்கு அந்தப் பூங்காவையாவது கண்ணில் காட்டுங்கள் என்பதுதான் அவர்கள் மனக்குறை. அப்புறம் பணம் செலவழித்து வேறு முடிவு எடுத்தார்கள். அப்பா காவல்காரரை மிரட்டி, மூடிய பூங்காவைத் திறக்கவைத்துக் குடும்பத்தையே ஊஞ்சலிலும் ராட்டினத்திலும் ஏற்றுகிறார்.

பயணக் கதையில் ஜனங்கள் ஒரு கடன்கணக்கு வைத்திருப்பார்கள். கிளம்பும்போது என்ன வாக்குக் கொடுத்தாயோ அதைக் கடைசியில் கேட்பார்கள். ‘ஆர்.வி.’ கொடுத்த வாக்கு, விலகிப்போன மகள் அப்பாவிடம் திரும்பி வருவாள் என்பது. அதற்குப் பதிலாகக் கிடைத்தது என்ன? பாப் முதலாளியை எதிர்த்துப் பேசுகிறார், வேலை போகிறது, சில நிமிடங்களிலேயே வேறு வேலை கிடைத்துவிடுகிறது. கடன் வாங்கியது ஓரிடம், கட்டியது வேறிடம்.

பேசின் பிரிட்ஜ்:

வேலை சில நிமிடங்களில் கிடைத்துவிடும் இடத்தில் எனக்கும் கோபம் வந்தது ஐயா. போன வருஷம் நாலு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தவன் நான். காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, மெட்ரோவில் விம்கோ நகர் வரைக்கும் போய்த் திரும்பி வருவேன். வீட்டில் சொல்ல இரண்டு வாரம் ஆனது. படம் அதைத் தொட்டுவிட்டு நழுவிவிட்டது, உண்மைதான். முதல் நாள் எழுதியதை இப்போது அப்படியே எழுதமாட்டேன்.

திருவொற்றியூர் தேரடி:

தம்பி, இப்போது வேலை கிடைத்துவிட்டதா?

பேசின் பிரிட்ஜ்:

கிடைத்துவிட்டது அக்கா. யார்டில்தான், இரண்டாவது ஷிப்ட்.

வேன்காரர்:

தண்டையார்பேட்டை தம்பி, உங்கள் அம்மா கேட்ட கேள்வியை என் வீட்டுக்காரியிடம் கேட்டேன். “அவன் சொல்லாட்டி என்ன, அவளுக்குத் தெரியாதா?” என்றாள். முப்பது வருஷம் ஒருவனோடு குடித்தனம் பண்ணுகிறவளுக்கு அவன் கக்கூஸில் எவ்வளவு நேரம் இருப்பான் என்று தெரியாதா என்கிறாள். அந்தப் படத்தில் மனைவிக்குத் தெரியாது என்று காட்டியதைத்தான் அவளால் நம்ப முடியவில்லை. உங்கள் அம்மா ஏன் அப்படிக் கேட்டார் என்று அவரிடமே ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

தண்டையார்பேட்டை வாசி:

வேன்காரர் அண்ணா, கேட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் எழுத முடிந்தது.

எனக்கு ஒன்பது வயதில் ஒரு திருப்பதிப் பயணம். தெருவில் மூன்று குடும்பம் சேர்ந்து ஒரு மெட்டடார் வேன் பிடித்தோம். பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, நாகலாபுரம், புத்தூர் வழி. எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் புளிசோறு, அவித்த முட்டை வேண்டாம் மலைக்குப் போகிறோம் என்று பாட்டி போட்ட சத்தம், சுருட்டப்பள்ளியில் சிவன் படுத்திருப்பதைப் பார்த்து நான் கேட்ட கேள்விகள், அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டது. அப்பா அவ்வளவு சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. என் வாழ்க்கையின் சிறந்த பயணம் அதுதான் என்று பிள்ளைகளிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

அம்மா இப்போது சொல்கிறார்: கிளம்புவதற்குப் பன்னிரண்டு நாளைக்கு முன்னாலேயே அப்பாவுக்கு ஆலையில் வேலை போய்விட்டது. அப்பா சொல்லவில்லை. தினமும் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

“உனக்கு எப்பம்மா தெரிஞ்சது?” என்றேன்.

“ஊத்துக்கோட்டையில் டீக்கடை” என்றார். எல்லாருக்கும் டீ வாங்கினாராம் அப்பா. எப்போதும் அவர் சட்டைப் பையிலிருந்து எண்ணாமல் நோட்டை எடுத்துக் கொடுப்பவர். அன்று திரும்பி நின்றுகொண்டு எண்ணினாராம். தனக்கு மட்டும் டீ வேண்டாம் என்றாராம்.

“நீ ஏன் கேக்கலை?”

“பிள்ளைங்க சிரிச்சிட்டிருந்தீங்க. அவரும் சிரிச்சிட்டிருந்தார்.”

மலையில் மொட்டையடித்து, தரிசனம் முடித்து, லட்டு வாங்கித் திரும்பும் வரை இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. திரும்பும்போது ராத்திரி. எல்லாரும் தூங்கிவிட்டார்கள். செங்குன்றம் தாண்டியதும் அம்மா கழுத்தில் இருந்த சங்கிலியைக் கழற்றி, லட்டுப் பையை அப்பாவிடம் கொடுக்கும்போது அதற்குள் வைத்துவிட்டாராம். அப்பா பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாராம். மாதவரம் வரும்வரை அப்படியே இருந்தாராம். நான் அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. “அப்ப ஏம்மா அந்தப் படத்துல அப்படிக் கேட்டே?” என்றேன்.

“உங்கப்பாகிட்டக் கேக்கலை இல்ல, அதான்” என்றார்.

வேன்காரர்:

தம்பி, ஆடி மூணாவது ஞாயிறு பெரியபாளையம் வண்டி போகிறது. அம்மாவுக்கு முன் சீட் வைத்திருக்கிறேன். காலை மூன்றரை, உங்கள் தெருமுனைக்கே வந்துவிடுகிறேன்.